ரேகை விழவில்லையா? ஆதார் கைரேகை, கருவிழி, முகம்: ஒரு முழு வழிகாட்டி

எங்கள் அம்மா 30 வருடம் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டியவர். பசையிலும் அட்டையிலும் தேய்ந்து தேய்ந்து விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடையில் பருப்புக்கும் பாமாயிலுக்கும் வரிசையில் நிற்பார், முறை வந்ததும் மெஷினில் விரலை வைப்பார், பொருந்தவில்லை என்று வரும். "வேற விரல வைங்கம்மா", "துடைச்சிட்டு வைங்கம்மா", "அமுத்தி வைங்கம்மா", கடைசியில் "நாளைக்கு வாங்கம்மா". மூன்றாவது நாளும் வெறும் பையோடு திரும்பி வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, "என் கை என் கை இல்லையாம்டா" என்றார்.

அன்றைக்குத்தான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் ரேகை டாக்டர். ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில், அந்த மெஷின் என்னதான் செய்கிறது?

இது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆதார் எடுக்கும்போது 10 விரல் ரேகை, 2 கண்களின் கருவிழி, ஒரு முகப் படம் ஆகியவற்றைப் பதிவு செய்கிறார்கள். விரல் ரேகை என்பது மேடும் பள்ளமுமான கோடுகள். அந்தக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகள்தான் முக்கியம். அந்தப் புள்ளிகளின் இருப்பிடமும் திசையும்தான் உங்கள் அடையாளமாகக் கணினியில் இருக்கின்றன. தாயின் வயிற்றில் இருக்கும்போதே இவை உருவாகிவிடும், அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையருக்குக்கூட ஒன்றாக இருக்காது.

கடையில் விரல் வைத்ததும், கருவி அந்த ரேகையைப் பிடித்து, யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து, ஆதார் எண்ணோடு மைய சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே இந்த நூற்றுச் சொச்சம் கோடிப் பேரில் நீங்கள் யார் என்று தேடுவதில்லை. "இந்த எண்ணுக்குரிய ரேகையும் இப்போது வந்த ரேகையும் ஒன்றா?" என்று மட்டும் ஒப்பிட்டு, ஆம் அல்லது இல்லை என்று பதில் அனுப்புகிறது.

ஆனால் அந்த ஆம்/இல்லைக்கு உள்ளே ஒரு மதிப்பெண் ஒளிந்திருக்கிறது. இரண்டு முறை வைத்த ஒரே விரல்கூட அச்சு அசலாகப் பொருந்தாது. அதனால் எத்தனை புள்ளிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மதிப்பெண் போட்டு, ஓர் எல்லைக்கு மேல் இருந்தால் பாஸ், கீழே இருந்தால் ஃபெயில். எல்லையைத் தளர்த்தினால் அடுத்தவன் உள்ளே வந்துவிடுவான், இறுக்கினால் உரியவரே வெளியே நிற்பார். இரண்டில் ஒரு தப்பு எப்போதும் இருந்துகொண்டேதான் இருக்கும், ரேகை, கண், முகம் போன்ற உடல் அடையாளத்தை வைத்து ஆளைச் சரிபார்ப்பதைத்தான் பயோமெட்ரிக் என்கிறார்கள், உலகத்தில் எந்த பயோமெட்ரிக் முறையும் இதிலிருந்து தப்பவில்லை. ஆக, மெஷின் 'இல்லை' என்று சொன்னால் அதன் பொருள் "இந்த முறை மதிப்பெண் போதவில்லை", அவ்வளவுதான். அம்மாவை ஆள்மாறாட்டக்காரர் என்று அது சொல்லவில்லை. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் பார்க்கிற பார்வை வேறு கதை.

ஒரு சின்ன இடைச்செருகல். கைரேகை வைத்து ஆளை அடையாளம் காணும் வேலை பெரிய அளவில் தொடங்கியதே நம் நாட்டில்தான். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு ஒப்பந்தக்காரரின் உள்ளங்கைப் பதிவை வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. ரேகைகளை வகை பிரிக்கும் கணக்கைப் போட்டவர்கள் அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள், பெயர் என்னவோ அவர்களின் மேலதிகாரிக்குப் போய் 'ஹென்றி முறை' ஆனது. நம்மூரில் 'கைநாட்டு' என்றால் படிக்காதவர் என்று கேலி. இன்றைக்கு கலெக்டரே வந்தாலும், ஆதார் கொடுத்து சிம் கார்டு வாங்கினால் கைநாட்டு வைக்கச் சொல்வார்கள்.

படி 1: கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

ரேகை விழவில்லை என்றதும் எல்லோரும் விரலைத்தான் குறை சொல்கிறார்கள். எப்போதும் விரல் காரணம் இல்லை. ஆதார் ஆணையத்தின் 'மைஆதார்' இணையதளத்தில் ஆதார் எண் போட்டு, போனுக்கு வரும் ஓடிபி கொடுத்து உள்ளே போனால் 'அங்கீகார வரலாறு' என்று ஒன்று இருக்கும். கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதாரை யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, ரேகையாலா ஓடிபியாலா எதனால் சரிபார்த்தார்கள் என்று அதில் வரும். தோற்றுப்போன முயற்சிக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், அந்த எண்தான் நமக்கு வேண்டியது.

300 என்று இருந்தால் ரேகை பொருந்தவில்லை. 330 என்றால் உங்கள் பயோமெட்ரிக் பூட்டப்பட்டிருக்கிறது, விரலை எவ்வளவு தேய்த்தாலும் பலனில்லை, பூட்டைத் திறக்க வேண்டும். 811 என்றால் மையத்தில் உங்கள் பயோமெட்ரிக் பதிவே இல்லை. சின்ன வயதில் ஆதார் எடுத்துவிட்டுப் புதுப்பிக்காத பிள்ளைகளுக்கு இப்படி வரலாம். அந்த வரலாற்றில் முயற்சியே பதிவாகவில்லை என்றால், கடையில் நெட் இல்லை அல்லது கருவியே சரியில்லை என்று சந்தேகப்படலாம். மாதத் தொடக்கத்தில் கூட்ட நேரத்தில் சர்வர் திணறுவதும் உண்டு. ஒரு நாள் அம்மாவுக்கு ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினார்களே, அன்றைக்கு வரலாற்றில் ஒரு வரிகூட இல்லை. மெஷின் சர்வரைத் தொடவே இல்லை.

இதற்கெல்லாம் போன் எண் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் செய்துவிடுங்கள். ஆன்லைனில் அலையாமல் நேராக ஆதார் மையத்துக்குப் போய்விடுவது நல்லது.

படி 2: விரலைத் தயார் செய்யுங்கள்

சிரிப்பாக இருக்கலாம், ஆனால் பலருடைய பிரச்சினை இதிலேயே முடிந்துவிடுகிறது.

விரல் ரொம்பக் காய்ந்திருந்தாலும் விழாது, ஈரம் சொட்டினாலும் விழாது. சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் நன்றாகத் துடைத்து, இரண்டு கையையும் சூடு வரத் தேய்த்துவிட்டு வையுங்கள். வறண்ட கையென்றால் முந்தின இரவே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொண்டு படுங்கள். வைக்கும்போது எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது, அதைத் துடைத்துவிட வேண்டும். அங்கேயே காய்ந்துவிட்டால் ஈரத்துணியை லேசாகத் தொட்டுக்கொள்ளலாம். எச்சில் தொட்டு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அடுத்து வைக்கப்போவது நீங்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

விரல் நுனியை மட்டும் குத்தி வைக்காதீர்கள். ரேகைச் சுழி இருக்கும் நடுப்பகுதி கண்ணாடியில் தட்டையாகப் படிய வேண்டும். "அமுத்தி வைங்க" என்று கடைக்காரர் சொல்வார், ரொம்ப அமுக்கினால் கோடுகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெங்காயத்தின் பதம் பார்க்கிற அளவு அழுத்தம் போதும். கண்ணாடியைத் துடைக்கச் சொல்லுங்கள், முன்னால் வைத்த 40 பேரின் பிசுக்கு அதில் இருக்கும். வெயில் நேராக அடிக்கிற இடத்தில் கருவி இருந்தால் நிழலுக்குள் நகர்த்தச் சொல்லுங்கள், ஒளியால் படம் பிடிக்கும் கருவிகள் வெளிச்சத்தில் தடுமாறும்.

அப்புறம், முக்கியமானது: எந்த விரல்? ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். பதிந்த 10 விரலில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். அதிகம் வேலை செய்யாத விரலில்தான் ரேகை நன்றாக இருக்கும். அம்மாவுக்கு இடது மோதிர விரல்தான் ராசி. ரேஷன் கார்டு உறையில் பேனாவால் அதை எழுதியே வைத்திருக்கிறோம்.

படி 3: பழைய பதிவைப் புதுப்பியுங்கள்

முதல் ஆதார் அட்டை 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தில் தெம்ப்லி என்ற கிராமத்தில் கொடுக்கப்பட்டது. அதற்கடுத்த சில வருடங்களில் பள்ளிக்கூடங்களில் முகாம் போட்டு அவசர அவசரமாக எடுத்தார்களே, அந்தப் பதிவை இன்னும் வைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அன்றைக்கே சுமாராக விழுந்த ரேகை, இன்றைக்கு 15 வருடம் தேய்ந்த விரல், இரண்டும் எப்படிப் பொருந்தும்?

ஆதார் சேவா மையம், தபால் நிலையம், சில வங்கிக் கிளைகள், சில அரசு இ-சேவை மையங்கள் ஆகிய இடங்களில் புதுப்பிக்கலாம். வீட்டிலிருந்தே ஆன்லைனில் பயோமெட்ரிக்கைப் புதுப்பிக்க முடியாது, "நான் செய்து தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போய் "பயோமெட்ரிக் அப்டேட் பண்ணணும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முகவரியை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். 10 விரல், 2 கண், முகம் மூன்றும் எடுக்க வேண்டும். திரையில் ஒவ்வொரு விரலின் தரமும் தெரியும், குறைவாகக் காட்டினால் "இன்னொரு தடவை எடுங்க" என்று கேட்கத் தயங்காதீர்கள். அந்த ஐந்து நிமிடக் கூச்சம் வருடக்கணக்கில் படுத்தும். கட்டணத்தை அவ்வப்போது மாற்றுகிறார்கள், ரசீதில் உள்ள தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், நிலவரம் பார்க்க அதிலுள்ள எண் வேண்டும்.

கண்புரை அறுவை செய்தவர்கள் இந்தச் சாக்கில் கருவிழியையும் புதுப்பித்துவிடுங்கள், அறுவைக்குப் பிறகு சிலருக்குப் பழைய பதிவோடு பொருந்துவதில்லை.

பிள்ளைகள் விஷயம்: 5 வயதுக்குள் எடுத்த ஆதாரில் ரேகையும் கருவிழியும் கிடையாது, முகப் படம் மட்டும்தான். 5 வயதானதும் ஒரு முறை, 15 வயதானதும் ஒரு முறை கட்டாயம் பதிய வேண்டும். 5 முதல் 7 வரையும், 15 முதல் 17 வரையும் இலவசம். 7 வயது தாண்டியும் பதியாவிட்டால் ஆதார் முடக்கப்படலாம் என்று ஆதார் ஆணையம் எச்சரித்திருக்கிறது. நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பிக்கிற நாளில் ஓடுவதை விட, பிறந்தநாள் வாரத்திலேயே முடித்துவிடலாம்.

படி 4: என்ன செய்தும் விழவில்லையா? மற்ற வாசல்களைத் தட்டுங்கள்

சிலருக்கு உண்மையிலேயே ரேகை இருக்காது. செங்கல் சூளை, கல் குவாரி, சிமென்ட் வேலை, மீன் வெட்டுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் விரலைத் தேய்க்கும். தொழுநோயால் விரல் இழந்தவர்கள் இருக்கிறார்கள். கேப்சிடபைன் என்ற புற்றுநோய் மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து ரேகையே மறைந்துபோகும். இவர்களிடம் போய் கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

கருவிழி இருக்கிறது. கருவிழியின் வடிவம் வயதானாலும் பெரிதாக மாறாது, வேலை செய்து தேயாது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகள் பலவற்றில் கருவிழிக் கருவி வந்துவிட்டது. "கண் மெஷின் இருக்கா?" என்று கேளுங்கள், பல கடைகளில் அது மேஜை இழுப்பறையில்தான் தூங்குகிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணை நன்றாகத் திறந்து, நேராகப் பார்க்க வேண்டும். கார்டில் பெயர் உள்ள வேறு யாராவது போய் ரேகை வைத்தும் வாங்கலாம், எல்லோரும் போக வேண்டியதில்லை.

வீட்டில் முதியவர் அல்லது மாற்றுத்திறனாளி மட்டும்தான் இருக்கிறார் என்றால், அவருக்காக வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரச் சான்று படிவம் கடையிலேயே கிடைக்கும், பூர்த்தி செய்து கொடுத்துவிடலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் ஏற்பாடு செய்தார்கள். உங்கள் கார்டு அதில் இருக்கிறதா என்று கடையில் விசாரியுங்கள்.

எதுவும் நடக்கவில்லை என்றாலும், கைரேகை விழாத ஒரே காரணத்துக்காகப் பொருளை மறுக்கக் கூடாது. இதை நான் சொல்லவில்லை. ஆதார் விதிகளிலேயே, சரிபார்ப்பு தோற்றால் மாற்று வழி வைத்திருக்க வேண்டியது சேவை தருபவரின் பொறுப்பு என்று இருக்கிறது. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருள் தர வழி உண்டு. கடையில் சண்டை போடாதீர்கள், விற்பனையாளருக்கும் மேலே இருந்து நெருக்கடி. "சார், ரேகை விழலைன்னு பதிவேட்டுல எழுதிக் குடுங்க" என்று அமைதியாகக் கேளுங்கள். எழுதித் தர வேண்டும் என்றதுமே பல இடங்களில் வழி பிறந்துவிடும். அப்படியும் நகரவில்லையென்றால் ரேஷன் புகார் எண்ணான 1967க்கு போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள், அல்லது வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

ஆதாரே எடுக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. விரல் இல்லாதவருக்குக் கருவிழி மட்டும், கருவிழி எடுக்க முடியாதவருக்கு ரேகை மட்டும், இரண்டும் முடியாதவருக்கு விவரங்களையும் படத்தையும் வைத்து விதிவிலக்காகப் பதிய வேண்டும். 2023 டிசம்பரில் கேரளத்தில் விரல்கள் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஆதார் மறுக்கப்பட்டு, விஷயம் மத்திய அமைச்சர் வரை போய், பிறகு வீட்டுக்கே வந்து கொடுத்தார்கள். 'பயோமெட்ரிக் விதிவிலக்கு' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு மையத்தில் கேளுங்கள். மறுத்தால் ஆதார் உதவி எண் 1947க்கு போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு

"நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று வருடம் ஒரு முறை நிரூபிக்க வேண்டிய கொடுமை. அதற்கு 2014 நவம்பரில் ஜீவன் பிரமான் என்ற டிஜிட்டல் வாழ்நாள் சான்று வந்தது, ரேகை விழாதவர்களுக்கு அங்கேயும் அதே தொல்லை. 2021 நவம்பரில் முகத்தை வைத்தே எடுக்கும் வசதி வந்த பிறகுதான் நிம்மதி. என் மாமனாருக்கு நான் செய்வது இப்படி:

1. ஆண்ட்ராய்டு போனில் 'ஆதார் ஃபேஸ் ஆர்டி', 'ஜீவன் பிரமான்' இரண்டு செயலிகளையும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்கவும். யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து வேண்டாம்.
2. முதலில் 'இயக்குபவர்' பதிவு. இயக்குபவர் நீங்களாகவோ ஓய்வூதியராகவோ இருக்கலாம். ஆதார் எண், போன் எண், ஓடிபி, முகம்.
3. பிறகு ஓய்வூதியர் விவரம்: ஆதார் எண், பிபிஓ எண் (ஓய்வூதிய ஆணையில் இருக்கும் எண்), வங்கிக் கணக்கு எண், எந்த வகை ஓய்வூதியம், யார் வழங்குகிறார்கள். பிபிஓ எண்ணில் ஒரு எழுத்து தப்பினாலும் பின்னால் நிராகரிப்பார்கள்.
4. முக ஸ்கேன். ஜன்னலுக்கு எதிரே உட்கார வையுங்கள், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். சொல்லும்போது கண் சிமிட்ட வேண்டும், உயிருள்ள முகமா, போட்டோவா என்று அது பார்க்கிறது. மாமனார் முதல் முறை பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்த மாதிரி சிமிட்டாமல் விறைப்பாக இருந்தார், நான்கு தடவை ஆனது.
5. சான்றின் எண்ணான பிரமான் ஐடி எஸ்எம்எஸ்ஸில் வரும். வந்ததோடு விடாமல் சில நாள் கழித்து ஏற்கப்பட்டதா என்று பாருங்கள்.

மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர் மாதம், 80 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1லிருந்தே. பிஎஃப் ஓய்வூதியர் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். மாநில அரசு ஓய்வூதியர்கள் தங்கள் மாதத்தைக் கருவூலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். போன் கைவராதவர்கள் தபால்காரரிடம் சொன்னால் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாக வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவார்கள்.

படி 5: பூட்டி வையுங்கள்

பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிவிடலாம், கட்டைவிரலை எங்கே போய் மாற்றுவது? பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை எடுத்து சிலிக்கான் அச்சு செய்து, ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறையில் கணக்கைத் துடைத்த வழக்குகள் வட மாநிலங்களிலும் தெலங்கானாவிலும் வந்தன. அந்த முறையில் ஓடிபி கிடையாது, ஆதார் எண்ணும் வங்கிப் பெயரும் ரேகையும் போதும். 2023லிருந்து, வருவது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் சோதனையை ஆணையம் சேர்த்திருக்கிறது. இருந்தாலும் நம் பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருப்பது நல்லதுதானே.

மைஆதார் தளத்திலோ ஆதார் செயலியிலோ 'பயோமெட்ரிக் பூட்டு' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓடிபி கொடுத்தால் முடிந்தது. ரேகை, கருவிழி, முகம் மூன்றும் வேலை செய்யாது, ஓடிபி மட்டும் வேலை செய்யும். தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துவிட்டு வேலை முடிந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ள விடலாம். ஆதார் நகல் கேட்கும் இடங்களில் முதல் 8 இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரையோ ஆதார் எண்ணுக்குப் பதிலாகப் பயன்படும் 16 இலக்க விர்ச்சுவல் ஐடியையோ கொடுங்கள்.

நீங்கள் எடுக்காத பணம் போய்விட்டதாக எஸ்எம்எஸ் வந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள், அன்றைக்கே வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உங்கள் மீதோ வங்கி மீதோ தவறு இல்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. அங்கீகார வரலாற்றில் அந்தத் தேதி, நேரத்தைப் பிரிண்ட் எடுத்துப் புகாரோடு இணைத்தால் வலுவாக இருக்கும்.

ஆபீஸ் வருகைப் பதிவு மெஷினைப் பற்றியும் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் ஆதாரோடு சம்பந்தமில்லாதது, ரேகை அந்தக் கம்பெனியின் கருவியிலோ சர்வரிலோ இருக்கும். வேலையை விட்டுப் போகும்போது அழிக்கச் சொல்லி மெயில் போட்டு வையுங்கள்.

கடைசியாக ஒன்று, என் மீதே வருகிற புகார். இவ்வளவும் படித்த உற்சாகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பயோமெட்ரிக்கைப் பூட்டினேன். திறக்க மறந்துவிட்டேன். அடுத்த வாரம் அவர் ராசியான மோதிர விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, பழையபடி வெறும் பையோடு வந்தார். வரலாற்றைத் திறந்து பார்த்தால் வரிசையாக 330, 330, 330. இப்போது ரேஷன் போடும் தேதிக்கு முந்தின நாள் என் போனில் அலாரம் அடிக்கிறது: "அம்மா பூட்டு திற."